காசி மெட்டு

அந்தத் தூண் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்களே அக்கா, பச்சைச் சேலை, அவர்கள்தான் என் மாமியார். உதடு அசைகிறதா, இங்கிருந்து தெரிகிறதா உங்களுக்கு? இல்லையா. குழந்தையை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகும் அந்த உதடு நிற்கவே இல்லை. அதற்கப்புறம் நான் ஒரு விஷயத்தைச் சொன்னேன். அதோடு நின்றுவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார்கள், எழுந்துபோய் அங்கே உட்கார்ந்துகொண்டார்கள். பக்கத்தில் போகவே பயமாக இருக்கிறது. அதுதான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பெண்ணுக்கு நேற்றே முடிந்துவிட்டதா? கண் விழித்தாளா? பேசினாளா? நல்லது அக்கா. நல்லது.

எங்களுக்குத் திருநெல்வேலி. மகள் பேர் உமையாள். இன்னும் நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. இதயத்தில் ஓட்டை. பிறந்த கொஞ்ச நாளிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனால் உடனே செய்ய முடியாது, எடை ஏறட்டும் என்றார்கள். அதுவரை அழவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அழுதால் உதடும் நகமும் நீலமாகிவிடும். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்கள் பாருங்கள், ஒரு கைக்குழந்தையை அழவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். குளிக்கப் போனால் குழாயை மூடி மூடிக் கேட்பேன். அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்து என் மூச்சை விட மறந்துபோவேன். நிஜமாகத்தான் சொல்கிறேன், நெஞ்சு வலித்த பிறகுதான் ஞாபகம் வரும்.

என் வீட்டுக்காரர் ஆபீசில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலையில் எழுந்து குளித்து, விளக்கேற்றி உட்கார்ந்து மிருத்யுஞ்ஜய மந்திரம் சொல்லச் சொல்லுங்கள், தாய்க்கு மனசு அடங்கும், மனசு அடங்கினால் பால் ஊறும், பிள்ளை எடை போடும் என்று. மரண பயத்தைப் போக்குகிற மந்திரமாம், சிவனுக்கு உள்ளது. அத்தை அதைப் பிடித்துக்கொண்டு வேண்டுதலாகவே ஆக்கிவிட்டார்கள். ஆபரேஷன் நாள்வரை ஒரு காலைகூடத் தப்பாமல் சொல்வதாக நெல்லையப்பர் முன்னால் காசு முடிந்துகொண்டு வந்தார்கள். சொல்ல வேண்டியது நான்.

"நீதான்டி சொல்லணும். கான்வென்ட்ல படிச்ச பிள்ளை, திருந்தின நாக்கு. எங்க வாயில அதெல்லாம் நுழையுமா?"

கான்வென்டில் படித்தவளுக்குச் சமஸ்கிருதம் வரும் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை. எனக்குத்தான் இருந்தது, வெளியே சொல்லவில்லை. எனக்கு ஒரு மந்திரமும் தெரியாது அக்கா. எங்கள் அம்மா வீட்டில் சாமி கும்பிடுவது என்றால் திருநீற்றைப் பூசிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவதுதான். காலையில் கையைக் கூப்பிக் கண்ணை மூடி நான் சொல்லிப் பழகியதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொன்னது, அது வேறு சாமிக்கு. வாழ வந்த வீட்டில் இதைப் போய் எப்படிச் சொல்வது?

குளியலறையில் போனை வைத்துக்கொண்டு படித்தேன். யாரோ ஒருவர் கிணற்றுக்குள்ளே உட்கார்ந்து சொல்வது மாதிரிச் சொல்வார். ஏறாமலும் இறங்காமலும் ஒரே இழுப்பு. வார்த்தை பாடமாகிவிட்டது, நாலே வரிதானே. அந்த இழுப்புத்தான் எனக்கு வரவில்லை. விளக்கு முன்னால் உட்கார்ந்து ஆரம்பித்தால் பாதியில் குரல் கரகரத்துவிடும். பின்னால் அத்தை உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பரீட்சை மாதிரி இருக்கும்.

ஒரு காலை உமையாள் எழுந்ததிலிருந்தே முனகல். மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே சொல்கிறேன், முனகல் அழுகையாகிறது. எப்படி வந்தது என்று தெரியாது, அந்த வார்த்தையெல்லாம் ஒரு மெட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. தானாக. முதல் வரி ஏறி, இரண்டாவது வரி கொஞ்சம் நின்று, மூன்றாவது மேலே போய், நாலாவது மெதுவாக இறங்கி வந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி. திரும்பச் சொன்னேன். திரும்ப. குழந்தை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தூங்கிவிட்டாள். அன்றைக்குத்தான் எனக்கும் மூச்சு முழுசாக இறங்கியது. தியானம் தியானம் என்கிறார்களே, இதுதானா அது என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னால் திரும்பிப் பார்த்தால் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறார்கள்.

பெருமையாக இருந்தது அக்கா. சாமியே எனக்குக் கொடுத்த மெட்டு என்று நினைத்தேன். இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு காலையும் எழுந்து உட்கார்ந்தால் பிள்ளை அடங்கிவிடுவாள், எடையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அத்தை தெருவெல்லாம் சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜை செய்கிற பெண்கள் இருக்கிறார்கள், எல்லோரும் அத்தை வயதுக்காரர்கள். அவர்கள் வந்து கற்றுக்கொள்ள உட்கார்ந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்தது மட்டுமில்லை, திருத்தினேன். மூணாவது வரி இன்னும் மேல போகணும் சித்தி, இப்படி இழுக்கக் கூடாது பெரியம்மை என்று. சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர் மாதிரி. அவர்களும் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் சேர்ந்து அம்மன் சன்னிதியில் விளக்கு முன்னால் அதைச் சொன்னார்கள். அந்த மண்டபத்தில் கேட்க எப்படி இருந்தது தெரியுமா? பட்டர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். இந்த மந்திரத்தைப் பெண்கள் இப்படிச் சொல்லலாமா என்று கேட்கப் போகிறாரோ என்று பயந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. எந்த ஊர்ப் பாடம் இது, நான் கேட்டதே இல்லையே என்றார்.

அத்தை யோசிக்கவே இல்லை. "இது காசியில சொல்லுத முறை சாமி. எங்க மருமவளுக்குத் தெரியும்."

நான் காசி பக்கமே போனதில்லை. மறுத்திருக்கலாம். தலையை ஆட்டினேன். அன்றையிலிருந்து எங்கள் தெருவில் அதற்குக் காசி மெட்டு என்றே பேராகிவிட்டது.

இப்போது பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். செலின் டீச்சர். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே மதில்தான். மதிலுக்கு மேலேயே கறிவேப்பிலை வரும், இட்லி மாவு போகும். அத்தையை மதினி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் உண்டாகியிருந்தபோது எனக்கு எதுவும் வயிற்றில் நிற்காது, டீச்சர் வைக்கிற மீன் குழம்பு வாசனை மட்டும் இழுக்கும். எங்கள் வீட்டில் மீன் கிடையாது. ஒரு கிண்ணம் மதிலுக்கு மேலே வரும், நான் துவைக்கிற கல் பக்கம் நின்று சாப்பிட்டுவிட்டுக் கழுவிக் கொடுத்துவிடுவேன். அத்தைக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்வோம்.

அவர்கள் ஒரு நாள் காலையில் துணி காயப்போட வந்தவர்கள், நான் சொல்லி முடிக்கும்வரை மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். கண் கலங்கியிருந்தது.

"எம்மா, இது நாங்க நன்மை வாங்கும்போது பாடுத பாட்டுல்லா? எங்கன பிடிச்ச? கேட்டதும் எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுட்டு."

அவ்வளவுதான் அக்கா. அவர்கள் சொன்ன உடனே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துச் சேப்பல், மெழுகு வாசனை, மூன்றாவது பெஞ்சு, சிஸ்டர் ஹார்மோனியத்தை மிதித்துக்கொண்டே தலையால் தாளம் போடுவது. குரல் நன்றாக இருக்கிறது என்று என்னையும் பாட்டுக்குழுவில் சேர்த்திருந்தார்கள். பூசை நடுவில் கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாகப் போய்ச் சாமியாரிடம் நன்மை வாங்குவார்கள், நாக்கில் அந்த அப்பத்தை வைப்பாரே, நற்கருணை என்று, அது. எங்களை மாதிரி இந்துப் பிள்ளைகள் போகக் கூடாது. நாங்கள் பெஞ்சிலேயே இருந்து பாடிக்கொண்டிருக்க வேண்டும், வரிசை முடிகிறவரை. வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் முழங்காலில் நின்று கண்ணை மூடிக்கொள்வார்கள், அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். அப்படிப் பார்த்தால் அந்தப் பாட்டை அந்தப் பள்ளிக்கூடத்திலேயே அதிகமாகப் பாடினது வாங்கக் கூடாத நாங்கள்தான். என் வாய்க்கு அது ஞாபகம் இருந்திருக்கிறது. எனக்கு இல்லை.

சிவன் மந்திரத்தை நற்கருணைப் பாட்டு மெட்டில் சொல்லியிருக்கிறேன். சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். கோயிலுக்குள்ளே. காசி என்று பேர் வைத்து.

மறுநாள் மாற்றிப் பார்த்தேன். போன்காரர் சொல்கிற மாதிரியே இழுத்தேன். குழந்தை முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள், உதட்டோரம் கறுத்துக்கொண்டு வருகிறது. அத்தை, "என்னட்டி பண்ணுத, ஒழுங்காச் சொல்லு" என்று அதட்டினார்கள். ஒழுங்காக என்றால் அந்த மெட்டு. அதற்கே திரும்பிவிட்டேன். அடங்கிவிட்டாள். அதற்குமேல் மாற்ற எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் விளக்கை ஏற்றும்போதே கை கூசும். யாரை ஏமாற்றுகிறேன்? சிவனையா, மாதாவையா, பின்னால் உட்கார்ந்திருக்கிற அத்தையையா? வேண்டுதலே செல்லாமல் போய்விட்டதென்றால்? அது தெரியாமல் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், கடைசியில் பிள்ளைக்கு ஏதாவது ஆனால்? இதே நினைப்பு. வாய் அது பாட்டுக்குச் சொல்லும், மனசு இதைச் சொல்லும்.

செலின் டீச்சர் சொல்லிவிடுவார்களோ என்று வேறு பயம். மதில் பக்கம் போய்ச் சொன்னேன். டீச்சர், அத்தை காதில் போட்டுவிடாதீர்கள், வேண்டுதல் காரியம், தெரிந்தால் தீட்டாகிவிட்டது என்பார்கள் என்று. அப்படித்தான் சொன்னேன். ஏதோ ஒரு வார்த்தை.

"எங்க பாட்டு தீட்டா எம்மா?" என்று கேட்டார்கள்.

கோபமாகக் கேட்கவில்லை. சிரித்த மாதிரிதான் இருந்தது. நான் அதற்கில்லை டீச்சர், எங்கள் ஆசாரம் உங்களுக்குத் தெரியாது என்று ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன், குழந்தை முனகுகிற சத்தம் கேட்டது. அவர்களும் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. சொன்னபடி யாரிடமும் சொல்லவும் இல்லை. அதற்கப்புறம் மதில் பக்கம் அவ்வளவாக வருவதில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிற நேரமாக இருக்கும். காலையில் துணியைக்கூட மாடியில்தான் காயப்போடுகிறார்கள், அங்கே வெயில் நன்றாக விழும். நாங்கள் இங்கே கிளம்புகிற அன்றைக்குத் தெருவே வாசலில் வந்து நின்றது, அவர்கள் தங்கள் வீட்டுக் கதவு நிலையில் நின்றார்கள். நான் கையை ஆட்டினேன். பார்த்தார்களோ என்னவோ.

சரி, இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலையிலிருந்து பால் கொடுக்கக் கூடாது என்றுவிட்டார்கள், உங்களுக்குத் தெரியுமே. பசி. அந்த நர்ஸ் வந்து, டிராலியில் படுக்கவைக்க வேண்டும், அதற்கு முன்னால் அழுகையை அடக்குங்கள், இப்படி நீலமானால் டாக்டர் திட்டுவார் என்றார். அத்தை என்னைப் பார்த்து, "சொல்லுட்டி" என்றார்கள். எனக்கு வாயே திறக்கவில்லை அக்கா. இந்த ஒரு நேரத்திலாவது திருட்டு மெட்டில் சாமியைக் கூப்பிடக் கூடாது என்று ஒரு பிடி. உதடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிள்ளை என் தோளில் வீறிடுகிறாள், நான் சும்மா நிற்கிறேன். தாயா நான்?

அத்தை பிடுங்கின மாதிரி அவளை வாங்கிக்கொண்டு தாங்களே ஆரம்பித்தார்கள். அந்த நீளமான வராந்தாவில், அத்தனை பேர் நடுவில், அதே மெட்டில். வார்த்தையெல்லாம் உடைந்து உடைந்து வந்தது, மெட்டு மட்டும் அப்படியே இருந்தது. நான் திருத்திய மூணாவது வரி சரியாக மேலே போனது. உமையாள் விக்கி விக்கி அடங்கினாள். அத்தை முகத்தையே பார்த்துக்கொண்டு டிராலியில் போனாள். கதவு மூடிக்கொண்டது. அத்தை கதவைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்கள், எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். அத்தை, அது காசி மெட்டு இல்லை, எங்கள் பள்ளிக்கூடத்துக் கோயில் பாட்டு, சர்ச்சில் பாடுவது, எனக்குத் தெரியாமல் வந்துவிட்டது, வேண்டுதல் செல்லுமோ செல்லாதோ என்று. உதடு நின்றது. அந்தப் பார்வை. இப்போது அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் ரத்தம் கொடுக்கிற இடத்திலிருந்து வந்ததும் முதல் வேலையாக அவரிடம் சொல்வார்கள். சொல்லட்டும். பிள்ளை வெளியே வரட்டும், அப்புறம் என்ன வேண்டுமானாலும்...

இருங்கள் அக்கா. கூப்பிடுகிறார்கள். என்னைத்தான். இந்தப் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்துவிட்டேன்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

"அந்தப் பாட்டுக்கு அவுகளுக்கு என்ன வார்த்தை இருக்கு? அதைச் சொல்லு" என்றார்கள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அத்தை சொன்னார்கள், "இத்தனை நாளும் அவுக மெட்டுல்லாட்டி நம்ம பிள்ளையைத் தூக்கி வச்சிருக்கு. நாம அந்தச் சாமியை ஒரு வார்த்தை கூப்பிடலையே. வீட்டுக்கு வந்த ஆளை வாங்கன்னுகூடக் கேக்காம இருந்திருக்கோம். அதான் இங்கன உக்காந்து ரோசிக்கேன், என்னத்தைச் சொல்லிக் கூப்பிடன்னு."

அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்களாம் அக்கா, இவ்வளவு நேரமும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வார்த்தை மறந்துபோய்விட்டது என்றேன். பொய். எல்லாம் ஞாபகம் இருக்கிறது, கடைசி அடிவரை. ஆனால் அத்தை முன்னால் அதைச் சொல்ல என்னவோ போலிருந்தது. துணியில்லாமல் நிற்கிற மாதிரி. அதற்கு அத்தை, "அப்ப செலினுக்குப் போனைப் போடு, அவளுக்குத் தெரியும்" என்றுவிட்டார்கள். போடு, போடு என்று விரட்டுகிறார்கள். அங்கே சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டு இங்கே வந்திருக்கிறேன்.

எப்படிப் போடுவேன்? அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு எப்படி? ஏதோ ஒரு வார்த்தை என்று உங்களிடம் சொன்னேனே, அப்படியில்லை அக்கா. அவர்கள் முகம் எனக்குத் தெரியும். அவர்கள் சிரிக்கவில்லை. பரீட்சையும் இல்லை, தாளும் இல்லை, இது லீவு மாதம். நான் நின்று சாப்பிட்ட கிண்ணம் அவர்கள் வீட்டுக் கிண்ணம். நீங்கள் உங்கள் போனைக் கொடுங்களேன். என் நம்பரைப் பார்த்தால் எடுக்க மாட்டார்கள். நம்பர் சொல்கிறேன், என் போனில்தான் இருக்கிறது, நேற்றே சத்தத்தை அமர்த்திப் பைக்குள் போட்டது, இருங்கள்.

அக்கா.

இதைப் பாருங்கள். செலின் டீச்சர். இதுவும் செலின் டீச்சர். இதுவும். காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இல்லை, உங்கள் போன் வேண்டாம்.

ஹலோ... ஆமாம் டீச்சர். உள்ளே போய்விட்டாள். இப்போதான். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை... அழுதாள், அப்புறம் அடங்கிவிட்டாள். டீச்சர், நான் அன்றைக்கு மதில் பக்கத்தில் உங்களை...

சரி டீச்சர். சரி.

அதெல்லாம் பொறவு பேசிக்கலாம், இப்ப பிள்ளையைச் சொல்லு என்கிறார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை அக்கா, பொறவு என்கிறார்கள். அந்தப் பொறவு வரும்போது நான் போய் நிற்க வேண்டும்.

அத்தை வந்துவிட்டார்கள் பாருங்கள், அவர்களுக்கு எங்கே பொறுமை இருக்கிறது. போனை வாங்கிக்கொண்டு, நலம் கேட்பதாவது ஒண்ணாவது, நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்கள். "ஏ செலின், அந்தப் பாட்டைப் பாடும்மா, நான் பின்னாலேயே சொல்லுதேன், இவளுக்கு மறந்துபோச்சாம்."

ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள், உங்களுக்கும் கேட்கிறது அல்லவா? கேளுங்கள் என்ன சொல்கிறார்கள் என்று.

"அவளுக்கு மறக்காது மதினி. நான் தினமும் கேட்டேம்லா, அவ கொயர்ல நின்ன பிள்ளை. நான் பாடலை. அவளைப் பாடச் சொல்லுங்க. அந்த வார்த்தையை அவ வாயால பாடட்டும், நான் கேக்கேன்."

அத்தை போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறது. எல்லோரும் பார்க்கிறார்கள், அந்த செக்யூரிட்டிகூட. அந்தப் பக்கம் டீச்சர் மூச்சு கேட்கிறது, காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் அக்கா. எழுந்து நின்றுதான் பாட வரும். சத்தமாகத்தான் வரும்.